மணப்பாட்டுச் சாக்கு

ஜனவரி 30, செவ்வாய்

படகு கிளப்பிலிருந்து அழைப்பிதழ் வந்தது. கெட்டி அட்டை, தங்க எழுத்து. பிப்ரவரி 18 ஞாயிறு மாலை நான்கு மணிக்கு வருடாந்தரக் கூட்டம், தேநீர், உறுப்பினர்களின் பயண உரைகள். முதல் உரை பல் டாக்டர் கோமதிநாயகம், காயல்பட்டினம் வரை போய்த் திரும்பிய வீரதீரம். இரண்டாவது உரை கேப்டன் ராஜசிங், "அலைமகளில் கன்னியாகுமரி நோக்கி". கூடப் போன என் பெயர் எங்கேயும் இல்லை. அட்டையைத் திருப்பிப் பார்த்தால், பின்பக்கம் அடியில் பொடி எழுத்தில் "நன்றி: சுயம்புலிங்கம் மெரைன் ஸ்டோர்ஸ்". அதாவது அவர்களுக்கு நான் உறுப்பினர் இல்லை, விளம்பரம்.

மீன்பிடித் துறைமுகத்துக்கு எதிரில் முப்பது வருஷமாகக் கயிற்றுக்கடை வைத்திருக்கிறேன். தூத்துக்குடியில் என் கயிறு ஏறாத விசைப்படகு குறைவு. ஊரே அண்ணாச்சி என்கிறது, இந்தக் கிளப்பில் மட்டும் "மிஸ்டர் லிங்கம்". உள்ளே சேர ஆறு வருஷம் காக்க வைத்தார்கள். சேர்ந்த பிறகு இதுதான் என் முதல் நெடும்பயணம். கூட்டத்தில் எனக்கு நீல ரிப்பன் குத்துவார்கள், கடலோடி உறுப்பினர் என்று. அதையும் அட்டையில் போடவில்லை.

பயணம் பாதியில் முடிந்தது என் குற்றமில்லை. 26ஆம் தேதி கிளப் படகு அலைமகளில் கிளம்பினோம். கேப்டன், நான், கிளப் படகோட்டி இன்னாசி. அன்று இரவு மணப்பாட்டில் நங்கூரம் போட்டோம். விடிய அஞ்சு மணிக்கு வாடைக்காற்று ஏறி, நங்கூரக் கயிறு போய், படகு பாறையில் உட்கார்ந்தது. சுக்கான் உடைந்தது. இன்னாசி இன்னொரு கயிற்றோடு தண்ணீரில் குதித்ததில் தோள் இறங்கிவிட்டது. கயிற்றை முன்தளத்து இரும்புக் கொம்பில் கட்டியது அவன்தான், முடிச்சு அவிழ்ந்துவிட்டது என்று கேப்டன் அன்றைக்கே அவனை வேலையிலிருந்து நீக்கிவிட்டார். அது கிளப் விவகாரம்.

படகில் கயிற்றோடு மல்லுக்கட்டியதில் வலது கட்டைவிரல் நகம் பெயர்ந்துவிட்டது. எழுதும்போது விண்விண் என்கிறது.

பிப்ரவரி 1, வியாழன்

பெயின்ட் லாரி வந்தது. இரண்டு டின் நசுங்கி இருந்தது, திருப்பி அனுப்பினேன். டிரைவர் முகத்தைத் தூக்கினான். தூக்கட்டும்.

பிப்ரவரி 3, சனி

காலையில் கடை திறக்கும்போதே இன்னாசி நின்றான். கழுத்தில் தொட்டில் மாதிரித் துணி கட்டிக் கை தொங்குகிறது. ஐம்பது வயசு, ஆனால் குரல் எப்போதும் பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி மெதுவாகத்தான் வரும். அதைக் கேட்டாலே எனக்கு எரிச்சல்.

துறைமுகத்தில் ஒரு இழுவைப் படகு கம்பெனியில் ஆள் எடுக்கிறார்களாம். கிளப்பில் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்ததற்கு நன்னடத்தைக் கடிதம் கேட்கிறார்களாம். மாதக் கடைசிக்குள் கொடுக்க வேண்டும். கிளப் கடிதமெல்லாம் கேப்டன் கையால்தான், அவரிடம் போயிருக்கிறான். "பதிவேட்டுல என்ன இருக்கோ அதைத்தான் எழுதுவேன்" என்றிருக்கிறார். கிளப்பின் பயணப் பதிவேட்டில் முடிச்சு சரியாகப் போடாதவன் என்று ஏறினால் இழுவைப் படகில் யார் சேர்ப்பார்கள்? அங்கே முடிச்சுதான் வேலையே.

நான் என்ன செய்ய முடியும் என்று கேட்டேன்.

"நீங்கதான் அண்ணாச்சி முன்தளத்துல இருந்தீங்க. நான் பின்னால இருந்து குதிச்சேன். கேப்டன் சுக்கானை விடல."

"அதுக்கு?"

"கொம்புல எட்டுப் போட்டு இறுக்கித்தான் கட்டுனேன். கயிறு அந்துபோச்சுன்னா முனை கொம்புல இருக்கணும். கேப்டன் வந்து பாக்கச்சில கொம்பு மொட்டையா இருந்துச்சாம். அதான் முடிச்சு அவுந்துட்டுங்காரு." கொஞ்சம் நிறுத்தினான். "நீங்க பாக்கச்சில முனை இருந்துச்சா அண்ணாச்சி?"

இருட்டு, அலை, நான் எதையும் கவனிக்கவில்லை என்றேன். வியாபார நேரத்தில் வாசலை மறித்துக்கொண்டு நிற்காதே என்றும் சொன்னேன். அவன் போய்விட்டான். அவன் சண்டை போட்டிருந்தால் பதில் சொல்லி முடித்திருக்கலாம். இப்படிக் கேட்டுவிட்டுப் போகிறவனை என்ன செய்வது?

பிப்ரவரி 4, ஞாயிறு

வீட்டுக்காரி செல்வக்கனியோடு சண்டை. கட்டிலுக்கு அடியில் கிடக்கும் பயணப் பையைத் துணி துவைக்க எடுத்தாளாம். கடல் நாற்றம் வீடு முழுக்க வீசுகிறதாம். என் பையை நானே பார்த்துக்கொள்கிறேன், கையை எடு என்று கத்தினேன். "பையிலே என்ன புதையலா இருக்கு?" என்றாள். சாப்பிடாமல் கடைக்கு வந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை கடைக்கு வந்து என்ன செய்ய? நங்கூரம், கொக்கிகள் எல்லாவற்றையும் துடைத்து வைத்தேன்.

பிப்ரவரி 7, புதன்

அழைப்பிதழில் பெயர் விட்டதைக் கேட்கக் கிளப்புக்குப் போனேன். கேப்டன் வராந்தாவில் உரையை எழுதிக்கொண்டிருந்தார். கப்பலில் முப்பத்தைந்து வருஷம் இருந்தவர். கால் மேல் கால் போட்டுத்தான் பேசுவார். பெயர் விஷயத்தைச் சொன்னதற்கு, "உரையிலே உங்களைச் சொல்லப்போறேனே லிங்கம். நீங்க முதல் நாள் வாந்தி எடுத்ததெல்லாம் இருக்கு" என்று சிரித்தார். ஜனங்கள் சிரிக்க வேண்டுமாம், கூட்டம் கொண்டாட்டமாக இருக்க வேண்டுமாம். முடிச்சு விஷயத்துக்கும் ஒரு நகைச்சுவை வைத்திருக்கிறாராம்.

கோபத்தில் உட்கார முடியவில்லை. மேடை ஓரத்தில் போய் அந்தப் பித்தளை மணியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்த மணிக்கு ஒரு வழக்கம் இருக்கிறது. பயண உரை முடிந்ததும் தலைவர் "மணி உண்டா?" என்று கேட்டுப் பத்து எண்ணுவார். அந்தப் பயணத்தில் படகில் இருந்த யாரும் எழுந்து வந்து மணியடித்து, சொன்னது தவறு, நடந்தது இது என்று சொல்லலாம். மணி அடித்தால் உரை சொன்னவர் தன் கையாலேயே பதிவேட்டைத் திருத்தி எழுத வேண்டும். அடிக்காவிட்டால் சொன்னபடியே ஏறிவிடும், பிறகு எந்தக் கொம்பனும் மாற்ற முடியாது. நாற்பது வருஷத்தில் இரண்டு முறைதான் அடித்திருக்கிறார்களாம். அதிலும் ஒன்று மீனின் நீளத்துக்காக.

சுவரில் விதி சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது. "படகில் இருந்தவர் எவரும்." உறுப்பினர் என்று இல்லை. இருமுறை படித்தேன். இன்னாசியும் அடிக்கலாம். ஆனால் அடித்து என்ன சொல்வான்? முனை இல்லையே.

பிப்ரவரி 9, வெள்ளி

விரலில் சீழ். ஊசி போட்டார்கள். எப்படி ஆனது என்று டாக்டர் கேட்டதற்குக் கதவிடுக்கு என்றேன்.

பிப்ரவரி 11, ஞாயிறு

செல்வக்கனி கோயிலுக்குப் போயிருக்கிறாள். பையைத் திறந்தேன்.

என் டைரியில் எனக்கே பொய் எழுதிக்கொண்டிருப்பது முட்டாள்தனம். எவன் படிக்கப்போகிறான்.

முனை கொம்பில்தான் இருந்தது. எட்டுப் போட்டு, கல் மாதிரி இறுகிப்போயிருந்தது. அலை அடிக்க அடிக்க அதை அவிழ்ப்பதற்குள்தான் என் நகம் பெயர்ந்தது. இன்னாசி போட்ட முடிச்சு அப்படி. அவிழ்த்து, மிச்ச முப்பது மீட்டரையும் இழுத்துச் சுருட்டி, பையில் திணித்த பிறகுதான் கேப்டன் முன்னால் வந்து பார்த்தார்.

ஏன் எடுத்தேன்? முனை பிரிந்து மூன்று புரியும் விரிந்து நின்றது. ஒவ்வொரு புரியின் நுனியிலும் தீயில் வாட்டிய கறுப்பு மொட்டு. கயிறு தெரிந்த எவன் பார்த்தாலும் சொல்லிவிடுவான், இது அறுந்தது இல்லை, ஒட்டு கழன்றது என்று. போன வருஷம் நான் கிளப்பில் சேர்ந்த சந்தோஷத்தில் மாலை, போட்டோ எல்லாம் வைத்து அன்பளிப்பாகக் கொடுத்த அறுபது மீட்டர் கயிறு அது. முப்பதும் முப்பதும். நான்தான் என் கையால் ஒட்டினேன். நைலானுக்கு ஐந்து முறை புரியைப் பின்ன வேண்டும். அவசரத்தில் மூன்றோடு விட்டேன்.

விற்கும் கயிற்றில் இன்றுவரை ஒட்டு போட்டதில்லை என்று சத்தியம் செய்யமாட்டேன். நான் ஆரம்பித்ததே கப்பலில் கழித்துப் போட்ட கயிற்றை வாங்கி, வெட்டி, ஒட்டி விற்றுத்தான். சாமான் கட்ட, தொட்டில் கட்ட. நங்கூரத்துக்குப் போகும் கயிற்றில் மட்டும் போட்டதில்லை. இது விற்கிற கயிறு இல்லையே, சும்மா கொடுக்கிறதுதானே, கிளப்காரர்கள் ஏரியில் விடுகிற மாதிரி கரையோரம் ஓட்டுகிறவர்கள்தானே என்று நினைத்தேன். அவர்கள் எனக்கு ஆறு வருஷம் காட்டிய அலட்சியத்துக்கு நான் காட்டிய அலட்சியம்.

இப்போது யார் மேல் கோபப்படுவது? இன்னாசி மேல்தான் வருகிறது. கொஞ்சம் லேசாகக் கட்டித் தொலைத்திருக்கக் கூடாதா.

பிப்ரவரி 13, செவ்வாய்

சரக்கு வந்தது. தூக்கமில்லை.

பிப்ரவரி 14, புதன்

விசைப்படகு தாசன் கடைக்கு வந்தபோது சும்மா பேச்சுவாக்கில் சொன்னான். இன்னாசி மணப்பாட்டில் மச்சான் வீட்டில் இருக்கிறானாம். மச்சான் சங்கு குளிக்கிறவன். இரண்டு நாளாக விரிகுடாவில் முங்கி எதையோ தேடுகிறார்களாம்.

எதையோ என்ன எதையோ. நங்கூரம். அதோடு முப்பது மீட்டர் கயிறு, அதன் முனையில் இன்னும் மூன்று கறுப்பு மொட்டு.

தாசனுக்குக் கொடுக்க வேண்டிய வலைக்கயிற்றைத் தப்பான நீளத்தில் வெட்டிவிட்டேன். முப்பது வருஷத்தில் முதல் தடவை. "என்ன அண்ணாச்சி, கிளப்புக்குப் போனதிலேருந்து நமக்கு வெட்டுறது மறந்துட்டோ?" என்றான். போடா வெளியே என்றேன். அவன் சிரித்தான். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

பிப்ரவரி 17, சனி

நாளைக்குப் போட வெள்ளைச் சட்டை தேய்த்து வந்திருக்கிறது. ரிப்பன் குத்தச் சட்டைப் பையின் பக்கம் தோதாக இருக்குமா என்று செல்வக்கனி பார்த்தாள். பிறகு அவளாகவே சொன்னாள், நான் கடைக்குப் போயிருந்தபோது பயணப் பையைத் திறந்து பார்த்தாளாம். துணியைத் துவைத்து, அந்தக் கயிற்றை மட்டும் இருந்த இடத்திலேயே வைத்துவிட்டாளாம். அது என்ன என்று கேட்கவில்லை. இவள் கல்யாணமான புதிதில் என்னோடு உட்கார்ந்து கழிவுக் கயிற்றைப் புரி பிரித்தவள். இவளுக்குத் தெரியாத ஒட்டா.

"துவைச்ச துணி காஞ்சிட்டு. பையை நாளைக்கு எடுத்துட்டுப் போறீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் தட்டைத் தள்ளினேன். ரசம் கொட்டியது. அவளே துடைத்தாள்.

பிப்ரவரி 18, ஞாயிறு

வரிசையாக எழுதிவிடுகிறேன், நாளைக்கு நானே மாற்றிச் சொல்லிவிடாமல்.

பையை எடுத்துப் போனேன். போகிற வழியில் கடலில் வீசிவிடத்தான். பாலத்தில் ஸ்கூட்டரை நிறுத்தினேன். நாலு பேர் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்கள் எதிரில் வீச முடியவில்லை. பையோடு கிளப்புக்குப் போனேன்.

புல்வெளியில் அறுபது நாற்காலி, வண்ணக் கொடிகள், வாழைக்காய் பஜ்ஜி. மனைவிமார் ஒரு பக்கம் வெயில் கண்ணாடியோடு. பல் டாக்டர் கோமதிநாயகம் காயல் வரை போன கதையைப் படம் போட்டு நாற்பது நிமிஷம் ஓட்டினார். அவருடைய படகை ஒரு ஆமை முந்திவிட்டதாம். அது ஒன்றுதான் உண்மையாக இருந்திருக்கும். தலைவர் "மணி உண்டா?" என்று கேட்டார், பத்து எண்ணினார், கைதட்டினார்கள்.

அப்போதுதான் பார்த்தேன். படகு இறக்கும் சரிவு பக்கம் வேப்பமரத்தடியில் இன்னாசி நிற்கிறான். கழுத்தில் அந்தத் துணித் தொட்டில் இல்லை. காலடியில் ஒரு கோணிச் சாக்கு, வாயைக் கட்டியிருக்கிறது, பாதி நிரம்பியிருக்கிறது. அடியில் ஈரம். முப்பது மீட்டர் கயிறு சுருட்டினால் அந்த அளவுதான் வரும். கண்ணாலேயே எடை போட்டுப் பழகிய எனக்குத் தெரியாதா.

கேப்டன் பேசினார். நன்றாகத்தான் பேசுகிறார், ஒத்துக்கொள்ள வேண்டும். கிளம்பிய நேரம், காற்றின் திசை, மணப்பாட்டுக் கோயில் கடலிலிருந்து தெரிந்த அழகு. நான் வாந்தி எடுத்த இடத்தில் எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு சிரிக்க எனக்கு வரும், கடைக்காரன் அல்லவா. பிறகு நங்கூரத்துக்கு வந்தார்.

"இருபத்திரண்டு வருஷமா கிளப் சம்பளம் வாங்கின ஒரு மனுஷன், ஒரு முடிச்சுப் போடக் கத்துக்கலை. நாமளும் பொறுமைசாலிங்க. அவசரப்பட்டு இருபத்திரண்டு வருஷத்துல சீட்டைக் கிழிச்சிட்டோம்."

பெரிய சிரிப்பு. மனைவிமார் பக்கம்கூட. இன்னாசி அசையவில்லை. தலையைக் குனியவும் இல்லை. யாரோ தூரத்தில் வேறு மொழியில் பேசுவதைப் பார்க்கிறவன் மாதிரி நின்றான்.

தலைவர், "மணி உண்டா?" என்றார்.

ஒன்று. இரண்டு. இன்னாசி சாக்கைத் தூக்கினான். மூன்று. மரத்தடியிலிருந்து இரண்டு எட்டு வைத்தான். நாலு, ஐந்து. மேடையைப் பார்த்து வருகிறான் என்று நினைத்தேன். ஆறு என்று தலைவர் சொல்லும்போது நான் நின்றுகொண்டிருந்தேன். எப்போது எழுந்தேன் என்று தெரியாது. மணியின் நாக்கில் கட்டியிருந்த கயிறும் என் கடைக் கயிறுதான். இழுத்தேன். அவ்வளவு சின்ன மணிக்கு அவ்வளவு சத்தம்.

கேப்டன் சிரித்துக்கொண்டே, "லிங்கம், வாந்தி விஷயம்னா தனியா பேசிக்கலாம். உக்காருங்க, டீ ஆறிடும்" என்றார். இன்னும் ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தேன்.

"முடிச்சு அவிழலை" என்றேன். "முனை கொம்பிலேயே இருந்துச்சு. நான்தான் எடுத்தேன்."

பையைத் திறந்து கயிற்றை மேஜையில் வைத்தேன், தேநீர்க் கோப்பைகளுக்கு நடுவில். உப்பு காய்ந்து வெள்ளையாக இருந்தது. எட்டு போட்ட மடிப்பு இன்னும் கயிற்றில் அச்சாகப் பதிந்திருந்தது.

பல் டாக்டர்தான் கேட்டார், "ஏன் எடுத்தீங்க?"

"நடுவுல ஒட்டு. ஒட்டுனது நான். உங்களுக்குச் சும்மா கொடுக்கிறதுதானேன்னு ஒட்டுக் கயிறைக் கொடுத்தேன். அது கழன்றுச்சு. இன்னாசி கட்டின முடிச்சு கழலலை. அதை அவிழ்க்க எனக்கு நகம் போச்சு." விரலைக் காட்டினேன். எதற்குக் காட்டினேன் என்று தெரியவில்லை, அசிங்கமாக இருந்தது.

கொடிகள் படபடவென்று அடித்தன. கேப்டன் கிட்டே வந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில், "இதை என்கிட்ட தனியா சொல்லியிருக்கலாம் லிங்கம். நான் பக்குவமா முடிச்சிருப்பேன்" என்றார். அவர் எப்படிப் பக்குவமாக முடிப்பார் என்று எனக்குத் தெரியும். வழக்கப்படி திருத்துங்கள் என்றேன். பேனாவைத் திறந்து, பதிவேட்டில் அந்த வரியை அடித்து, எழுதினார். எழுத்து மணிமணியாக இருந்தது. கோபத்திலும் கை நடுங்காத மனுஷன்.

ரிப்பன் பெட்டி மேடையிலேயே இருந்தது. யாரும் திறக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

சாக்கைப் பார்த்துப் பயந்துதான் மணியடித்தான் என்று எவனாவது நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும். எப்படியும் அடித்திருப்பேன்.

பிப்ரவரி 19, திங்கள்

கிளப்பிலிருந்து கடிதம். செயற்குழு கூடி முடிவெடுக்கும்வரை நான் கிளப் பக்கம் வர வேண்டாமாம். ஆறு வருஷம் காக்க வைத்த ஆட்கள் இதை ஒரே ராத்திரியில் தட்டச்சு செய்துவிட்டார்கள்.

பிப்ரவரி 20, செவ்வாய்

தாசன் வந்தான், கூட இன்னும் மூன்று விசைப்படகுக்காரர்கள். வாங்கிப்போன கயிற்றையெல்லாம் வண்டியில் கொண்டுவந்து கடை வாசலில் போட்டுப் பிரித்துப் பார்த்தார்கள். ரோட்டில் போகிறவன் வருகிறவன் எல்லாம் நின்று பார்க்க, ஒவ்வொரு முழமாகத் தடவினார்கள். ஒட்டு இல்லை. "சரி அண்ணாச்சி, மனசுல வச்சுக்காதீங்க" என்று திரும்பச் சுருட்டாமலே போனார்கள். நான்தான் சுருட்டினேன். கிளப்பில் பெரிய யோக்கியனாக மணியடித்ததற்குக் கிடைத்த பரிசு.

பிப்ரவரி 22, வியாழன்

கிடங்கில் இருக்கும் கயிறு முழுவதையும் பிரித்துப் போட்டேன். எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. செல்வக்கனியும் வந்து உட்கார்ந்தாள். இரண்டு கட்டுகளில் ஒட்டு இருந்தது. எப்போது போட்டேன் என்றே நினைவில்லை. அரிவாளால் துண்டு துண்டாக வெட்டினேன். அவள் துண்டுகளை அள்ளும்போது, "மணி அடிக்கிறப்போ சட்டை கசங்கலையே" என்றாள். கேலியா, என்ன என்று தெரியவில்லை. மூன்று வாரமாக இந்த வீட்டில் யாரும் ஒரு விஷயத்தை நேராகப் பேசுவதில்லை. நானும் சேர்த்துத்தான்.

பிப்ரவரி 27, செவ்வாய்

இன்னாசி வந்தான். சட்டைப் பையில் கிளப் முத்திரை போட்ட உறை. நன்னடத்தைக் கடிதம் நேற்றுக் கொடுத்துவிட்டார்களாம். இழுவைப் படகில் ஒன்றாம் தேதி சேரச் சொல்லிவிட்டார்களாம். அதைச் சொல்ல வந்தான் என்று நினைத்தேன். இல்லை. அலைமகளுக்கு நங்கூரக் கயிறு வாங்க வந்தானாம், கிளப்புக்குக் கடைசி வேலையாக. அறுபது மீட்டர்.

"என் கடையிலேயா வாங்கச் சொன்னாரு கேப்டன்?"

"அவரு வேற கடைக்குத்தான் போவச் சொன்னாரு. ஊருல இப்போ முழுசாப் பிரிச்சுப் பாத்த கயிறு உங்ககிட்டதான் இருக்கு அண்ணாச்சி. மத்த கடையில யாரு பிரிச்சான்?"

கயிற்றுக் கட்டை எடுத்துப் போட்டேன். அவன் மேல் எனக்கு இன்னும் கோபம்தான். நான் செய்ததற்கு என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, திட்டவில்லை. கடைசியில் நானே கேட்டேன், அன்றைக்குச் சாக்கில் கொண்டுவந்த கயிற்றை என்ன செய்தாய் என்று.

"எந்தக் கயிறு?"

"மணப்பாட்டுல மச்சானை விட்டு எடுத்தியே. நங்கூரம்."

"அதை எங்க எடுக்க? ரெண்டு நாள் முங்குனான். மண்ணு மூடிட்டு." பிறகு அவனுக்குப் புரிந்தது. என்னை ஒரு மாதிரி பார்த்தான். "சாக்குல மீனுல்லா இருந்துச்சு அண்ணாச்சி. ஐஸ் போட்டுக் கொண்டாந்தேன். வருசா வருசம் கூட்டத்தன்னைக்குக் கேப்டன் வீட்டுக்கு ஊளி மீன் கொடுக்கிறது வழக்கம். சீட்டைக் கிழிச்சாலும் வழக்கம் வழக்கந்தானே. பேச்சு முடியப்போவுதேன்னு கிளப் சமையல்கட்டுக்குத் தூக்கிட்டுப் போனேன். அதுக்குள்ள நீங்க எந்திரிச்சிட்டீங்க."

மீன்.

பில் புத்தகத்தைப் புரட்டினேன். வாயைத் திறந்தால் என்ன வந்திருக்குமோ. அவன் சிரித்திருந்தால் அடித்திருப்பேன். அவன் சிரிக்கவில்லை. கயிற்றுக் கட்டைத் தூக்கி ரோட்டில் வைத்து, ஒரு முனையை என் கையில் கொடுத்து, "கொஞ்சம் பிடிச்சுக்கோங்க" என்றான்.

பிடித்துக்கொண்டேன். அவன் பின்னோக்கி நடந்து துறைமுக வாசல் வரை கயிற்றைப் போட்டுவிட்டு, அங்கிருந்து என்னை நோக்கித் தடவிக்கொண்டே வந்தான். ஒவ்வொரு முழமாக, இரண்டு கையாலும், அவசரமே இல்லாமல். ஆட்டோக்காரன் ஹாரன் அடித்தான். தாசன் எதிர்க்கடையில் டீ குடித்துக்கொண்டு பார்த்தான். இந்தக் கயிற்றை வியாழக்கிழமை நானே தடவிப் பார்த்திருக்கிறேன், ஒட்டு இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் பாதி வழியில் அவன் விரல் ஓரிடத்தில் நின்றது. நகத்தால் சுரண்டினான். நான் என் கையில் இருந்த முனையை இறுக்கிப் பிடித்தேன்.

ரோட்டுத் தார். விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டு மேற்கொண்டு தடவி வந்தான்.